ஃப்ரிட்ஜில் தூங்கிய பிளாக்பெர்ரி

பக்கத்து வில்லா சப்ரீனா அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டியபோது நான் செல்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இது பிளாக்பெர்ரி செடி. இப்பத் தூங்குது. ஈரம் காயாம ஃப்ரிட்ஜ்லயே கிடக்கட்டும். லீவு முடிஞ்சு வந்து நட்டுக்குறேன். நாங்க ஊருக்குக் கிளம்புனா எங்க வீட்டுக்காரர் மெயின் ஸ்விட்சையே அணைச்சுடுவாங்க. போன வருஷம் நட்டதெல்லாம் வெயில்ல பட்டுப்போச்சு. இதுவாச்சும் பிழைக்கட்டும்."

"அதுக்கென்னம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். பார்த்தது ஸ்கோரை. பொட்டலத்தை வாங்கிக் காய்கறித் தட்டில் வைத்தது என் மனைவி நளினி.

ஷார்ஜாவில் காலமெல்லாம் ஃப்ளாட்டில் கிடந்துவிட்டு, கையகலத் தோட்டம் உள்ள வாடகை வில்லாவுக்கு அப்போதுதான் வந்திருந்தோம். வெள்ளிக்கிழமை கணபதி ஹோமம். ஹோமப் புகைக்கு அலறாமலிருக்கக் கூடத்துப் புகைமணிக்குப் பாலித்தீன் பை மாட்டியாயிற்று. வார நாட்களில் வங்கியில் வேலை பார்க்கும் சாஸ்திரிகள், "சமித்துக் குச்சி எங்கே?" என்றார். கொழுக்கட்டையோடு போராடிக்கொண்டிருந்த நளினி, "பூஜை சாமான் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, எடுத்துக் குடுங்க" என்று குரல் கொடுத்தாள். அவள் சொன்னது பூவையும் வெற்றிலையையும்.

நான் செய்தித்தாளைப் பிரித்தேன். குச்சிகள். ஒவ்வொன்றின் அடியிலும் தாடி மாதிரி நார். சாமிக்கு இப்படியா கொடுப்பது என்று தாடியைக் கத்தரித்து, சாண் சாணாக நறுக்கி, தட்டில் அடுக்கினேன். நான் இவ்வளவு ஒழுங்காக வேறெந்த வீட்டுவேலையும் செய்ததில்லை.

"சமித்து ஈரமா இருக்கே சார்" என்று சாஸ்திரிகள் இருமினார்.

"ஃப்ரிட்ஜ்ல இருந்தது சாமி. நெய்யைத் தாராளமா விடுங்க."

விட்டார். எரிந்தது. புகையில் கண்ணைக் கசக்கியபடி வந்த நளினி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உண்மையான அரசங்குச்சி ஷூ அலமாரிக்கு மேலே, கடைப் பைக்குள்ளேயே இருந்தது. தட்டில் மிச்சம் ஒரே ஒரு பிளாக்பெர்ரித் துண்டு. அதன் கணுவில் ஊசிமுனையளவு பச்சை. அதற்குள் விழிக்கத் தொடங்கியிருக்கிறது.

"அவங்ககிட்ட என்னங்க சொல்லப் போறீங்க?"

"அழுகிப்போச்சுன்னு சொல்லிடலாம்."

"சொல்லுங்க. நான் கூட நிக்க மாட்டேன்."

மிஞ்சியதைத் தொட்டியில் நட்டு, வாசலோரம் வைத்தேன்.

சப்ரீனா ஊரிலிருந்து தம்மடைப் பெட்டியோடு வந்தார். ரவையும் முட்டையும் சேர்த்துச் சுடும் அவர் ஊர் இனிப்பு. "செடி எப்படிண்ணே இருக்கு?"

"அது வந்து... அழுகி..."

"அழுகிப்போச்சா?" முகம் வாடியது. உடனே சரிசெய்துகொண்டார். "பரவால்லண்ணே. நான்தான் ஈரத்தைக் கூட்டிட்டேன் போல. உங்களுக்கு வேற வீண் தொல்லை." பெட்டியை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

பொய்யை முடிக்கும் சிரமத்தைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம்.

"அழுகலம்மா. நான் எரிச்சிட்டேன்."

"எரிச்சீங்களா?"

"ஹோமத்துல. சமித்துன்னு நினைச்சு. வேரையெல்லாம் வெட்டி..."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எதுக்குண்ணே ஹோமம்?"

"புது வீட்டுல எல்லாம் நல்லாத் தழைக்கணும்னு."

சொல்லும்போதே காது சுட்டது. மிஞ்சியது இதுதான் என்று வாசலோரத் தொட்டியைக் காட்டினேன்.

அவர் தொட்டியருகே குனிந்தார். நகத்தால் குச்சியின் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"தலைகீழா நட்டிருக்கீங்க."

பிடுங்கித் திருப்பி நட்டு, விரலால் மண்ணை அழுத்தினார். பிறகு தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். "இது எங்க வீட்டுலயே இருக்கட்டும்ண்ணே."

நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். தம்மடைப் பெட்டியைத் திருப்பி நீட்டினேன்.

"அது உங்களுக்குத்தான்" என்றார், திரும்பாமல்.