கோரைக்கு ஏது வரிசை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் புல்லை வளர்த்தவர் என்று யாரும் கிடையாது. புல்லோடு மல்லுக்கட்டியவர்கள்தான் உண்டு. அருகும் கோரையும் பிடுங்கியே கை காய்த்துப்போன பேச்சித்தாய்க்கு, ஒரு லாரி நிறையப் புல்லை விலை கொடுத்து வாங்கி, பாய் விரிப்பதுபோல விரித்து, அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது முதலில் விளங்கவே இல்லை. கடம்பூர் ரோட்டில் உளுந்தும் பாசிப்பயறும் மொத்த வியாபாரம் செய்யும் அப்துல் சுபஹான் வீட்டு முற்றத்தில் அது நடந்தது. மகள் ஷாஹினாவின் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பச்சைப் புல்லில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வீட்டம்மா மெஹராஜ் பேகத்துக்கு ஆசை.

ஆசையில் தப்பில்லை. ஆனால் புல்லை விரிக்க வந்த ஆட்கள் அடியில் கிடந்த கரிசலைக் கிளறாமல், மேலாக்கச் செம்மண்ணைத் தூவி விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்து நாள் தண்ணீர் பட்டதும், மண்ணுக்குள் தூங்கிக் கிடந்த கோரைக் கிழங்குகள் எல்லாம் முழித்துக்கொண்டன. விலை கொடுத்து வாங்கிய புல்லைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாக வெளியே வந்தன. புல்லுக்குள் புல் பிடுங்குவதற்கும் கூலியா என்று பேச்சித்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

பேச்சித்தாய் அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஊர் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம். வெங்காயம் ஊன்றுவதிலும் மிளகாய்க்குக் களை வெட்டுவதிலும் அவளை அடிக்க ஆள் இல்லை என்று பேர் வாங்கியவள். புருஷன் போன பிறகு கோவில்பட்டிக்கு வந்து, இந்த வீட்டு முற்றத்தையும் செடிகொடிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒட்டிக்கொண்டாள். சாயந்தரம் நாலு மணிக்குப் பேகம் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். பேச்சித்தாய் படியில் உட்காருவாள். இருவருக்கும் டீ வரும். கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தால் பேகத்துக்கு ஒன்று, பேச்சித்தாய்க்கு ஒன்று. யாராவது விருந்தாளி வந்தால் பேகம் அவளைக் காட்டி, "இது எங்க பேச்சி" என்பார். சம்பளம் ஐந்து நாள் தாமதமானாலும் பேச்சித்தாய் வாயைத் திறக்க மாட்டாள். அந்த 'எங்க' மட்டும் தினமும் வந்தாக வேண்டும்.

கோரை பெருகியதும் பேகம் இன்னொரு ஆளைக் கூட்டி வந்தார். கழுகுமலைக்காரி, பெயர் வெள்ளைத்தாய், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பதினாலு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்கியவள். மிஷின் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டதால் காலை பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வந்து கிடைத்த வேலையைச் செய்கிறாள். பேகம் முற்றத்தின் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, கிழக்குப் பாதி பேச்சிக்கு, மேற்குப் பாதி வெள்ளைக்கு என்றார்.

"கல்யாணம் முடிஞ்சிட்டா இதுக்கு ஒரு ஆளு போதும். யாரு பக்கம் சுத்தமா இருக்கோ, அவ இருக்கட்டும்" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. பேச்சித்தாய்க்கும் கவலை ஒன்றும் இல்லை. குச்சி அடுக்கின கைக்குக் களையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தாள். குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடுங்கத் தொடங்கினால், அவள் கை வேகத்துக்குக் கண்ணால் ஈடுகொடுக்க முடியாது. முதல் நாளே கிழக்குப் பாதி மழித்த தலைமாதிரி ஆகிவிட்டது. வெள்ளைத்தாய் அன்று முழுக்க உட்கார்ந்து நாலு முழம்கூட நகரவில்லை. அவள் கையில் களைக்கொத்துகூடக் கிடையாது, ஸ்க்ரூ முடுக்குகிற ஒரு பழைய திருப்புளிதான். ஒவ்வொரு கோரைக்கும் பக்கத்தில் அதைச் செருகி, மண்ணை நெம்பி, வேரைப் பிடித்துக்கொண்டே கீழே போய், அடியில் கருப்பாக உருண்டிருக்கும் கிழங்கோடு எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பேச்சித்தாய் அதைப் பார்த்துவிட்டு, இவள் பேரன் பேத்தி எடுத்து முடிப்பதற்குள் மேற்குப் பாதியை முடித்துவிடுவாள் என்று கேலி பேசினாள்.

ஐந்தாம் நாள் கிழக்குப் பாதியில் கோரை திரும்ப வந்தது. பிடுங்கினாள். நாலு நாளில் முன்பைவிட அடர்த்தியாக வந்தது. காட்டில் அவள் இப்படித்தான் காலமெல்லாம் பிடுங்கியிருக்கிறாள். ஆனால் அங்கே கோடை உழவு என்று ஒன்று உண்டு. உழுது புரட்டினால் கிழங்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து சாகும். பேகத்தின் முற்றத்தில் ஏர் பூட்ட முடியுமா? தலையைக் கிள்ளக் கிள்ள அடிக்கிழங்கு குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளைத்தாயின் பாதியோ, போன இடம் போன இடமாகச் சுத்தமாகிக்கொண்டு வந்தது. இரண்டு வாரத்தில் கயிறே தேவைப்படவில்லை. எது யாருடைய பாதி என்று தெருவில் போகிறவர்களுக்கும் தெரிந்தது.

அந்தத் திருப்புளியை ஒருநாள் கேட்டு வாங்கியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நேற்று வந்தவளிடம் போய்க் கேட்பதா? முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்துவிட்டது என்று பேச்சித்தாய் உள்ளுக்குள் வெந்தாள். சாயந்தரம் படியில் இப்போது இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். போளியும் பாதியாகியது. ஒரு பாதி பேச்சித்தாய்க்கு, ஒரு பாதி வெள்ளைத்தாய்க்கு. கையில் இருந்த பாதியைவிட எதிரே இருந்த பாதிதான் பேச்சித்தாய்க்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதோடும் போகவில்லை. தோண்டிய கிழங்கை வெள்ளைத்தாய் குப்பையில் போடப் போனபோது பேகம் தடுத்தார். அதைக் கழுவிக் காயவைத்து, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்தால் கல்யாணப் பெண்ணுக்குக் குளியல் பொடி ஆகும் என்றார். ஷாஹினாவே இறங்கி வந்து ஒரு கிழங்கை நகத்தால் கீறி மோந்து பார்த்தாள்; வெள்ளைத்தாயின் கையைப் பிடித்து அதையும் மோந்து பார்த்து, வாசனையாக இருக்கிறது என்று சிரித்தாள். அன்றைக்கு வந்த விருந்தாளி ஒருத்தியிடம் பேகம், "இது எங்க வெள்ளை. இவ கைபட்டா களைகூட வாசனைப்பொடி ஆயிரும்" என்றார்.

பேச்சித்தாய் கிழக்குப் பாதியில் குனிந்தபடி அதைக் கேட்டாள். 'எங்க வெள்ளை.' ஏழு வருஷமாகத் தன் பெயருக்கு முன்னால் மட்டும் இருந்த அந்தச் சொல், இருபது நாளில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கழுகுமலையில் சூரசம்ஹாரம் என்று வெள்ளைத்தாய் வேலைக்கு வரவில்லை. ஆண்கள் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழப் போயிருந்தார்கள். பேகமும் மகளும் உள்ளே தொழுகையில் இருந்தார்கள். காயப்போட்ட சொளகில் முந்தின நாள் தோண்டிய கிழங்கு இன்னும் ஈரமாகவே கிடந்தது. பேச்சித்தாய் ஒரு குத்து அள்ளி மடியில் கட்டிக்கொண்டு மேற்குப் பாதிக்குப் போனாள். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் தன் கை செய்வதை அவள் கவனிக்கவில்லை. களைக்கொத்தின் நுனியால் ஒரு குத்து, ஒரு கிழங்கு, பெருவிரலால் ஒரு அழுத்து, ஒரு எட்டுப் பின்னால். வேலை முடிய டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கையைக் கழுவினாள், வாசனை போகவில்லை. மறுபடியும் கழுவினாள்.

ஒரு வாரம் அவள் மேற்குப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எட்டாம் நாள் சாயந்தரம் வேலை முடிந்து புறப்படும்போதுதான் கண் போயிற்று. முளைத்திருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. கோரை வரிசையாக நின்றது. நூல் பிடித்த வரிசை, சாணுக்குச் சாண் ஒன்று, வரிசைக்கு ஏழு. ஆறு வரிசை. கடைசி வரிசையில் நடுவில் மட்டும் ஒன்று விட்டுப்போயிருந்தது. முப்பது வருஷம் வெங்காயம் ஊன்றிய கை, பகைக்கு ஊன்றும்போதும் பாத்திக்கு ஊன்றுவதுபோலவே ஊன்றியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததற்குச் சமம். அப்போதே கலைத்துவிடலாம் என்றால் வெள்ளைத்தாய் பக்கத்தில் நின்று குழாயை மூடிக்கொண்டிருந்தாள். காலையில் வெள்ளென வந்து கலைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

காலையில் அவள் கேட்டைத் திறந்தபோது வெள்ளைத்தாய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். மடியில் கிழங்கு கிடந்தது. பதினாலு வருஷம் குச்சியைக் கட்டையில் வரிசை பிசகாமல் அடுக்கியவளுக்கு வரிசை தெரியாதா என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். வரிசை இல்லை. இங்கே இரண்டு, அங்கே மூன்று, ஓரத்தில் ஒன்று என்று, தானாக முளைத்த கோரை எப்படி நிற்குமோ அப்படி நின்றது. பேகம் வெளியே வருவதற்குள் எல்லாவற்றையும் தோண்ட முடியாது என்று, வரிசை கலையும்படி பாதியை எடுத்து, பாதியை வேண்டுமென்றே விட்டிருந்தாள் வெள்ளைத்தாய். அவள் நிமிர்ந்து பேச்சித்தாயைப் பார்த்தாள். திரும்பவும் குனிந்துகொண்டாள்.

அதற்குள் பேகம் வெளியே வந்துவிட்டார். மேற்குப் பாதியைப் பார்த்ததும் முகம் மாறியது. இங்கேயும் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"என் கவனக்கொறவுதாம்மா" என்றாள் வெள்ளைத்தாய். "ஆழத்துல கெடந்தத விட்டுட்டேன் போல."

பேகம் கொஞ்ச நேரம் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்றால் பழகின ஆளை விட்டுவிட்டுப் புது ஆள் எதற்கு என்றார். கல்யாணத்துக்குப் பிறகு பேச்சியே இருக்கட்டும் என்றார். வெள்ளைத்தாய் சரிம்மா என்று தலையை ஆட்டினாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. பேச்சித்தாய் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் அவளால் முடியவில்லை. அவளுக்கு நல்ல மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலை சுத்தம் வெள்ளைத்தாய்க்கு, வாசனைப்பொடி அவளுக்கு, 'எங்க' என்ற சொல்லும் அவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவளுக்கேவா? அவள் போட்ட பிச்சையில் இந்த வீட்டில் இருப்பதா? அதை நினைத்தபோதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"அத ஊணுனது நாந்தான் பேகம்மா" என்றாள்.

பேகத்துக்குப் புரியவில்லை. "கோரைய யாராவது ஊணுவாகளா பேச்சி?"

"நான் ஊணுனேன். வரிசைக்கு ஏழு, ஆறு வரிசை. இவ கலைச்சு விட்டுட்டு நிக்கா."

"கோரைக்கு ஏது வரிசை?" என்று கேட்டுக்கொண்டே பேகம் வெள்ளைத்தாயின் மடியைப் பார்த்தார். வெள்ளைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பேகத்துக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேச்சித்தாய்க்கு ஆறியிருக்கும். ஊன்றியதை எல்லாம் ஊன்றியவளே எடுக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளைத்தாய் திருப்புளியை நீட்டினாள். பேச்சித்தாய் வாங்கிக்கொண்டாள். செருகி, நெம்பி, வேரைப் பிடித்துக் கீழே போய் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். மத்தியானம் வரை தோண்டினாள். வெள்ளைத்தாய் எடுத்ததையும் சேர்த்து நாற்பத்தொன்று வந்தது. கடைசி வரிசையில் முளைக்காமல் இருந்த அந்த ஒன்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. சாயந்தரம் டீ வந்தது. வராந்தாவில் நாற்காலி போடப்படவில்லை. கல்யாணம் வரை இருவரும் இருக்கட்டும், பிறகு வெள்ளை பார்த்துக்கொள்வாள் என்று ஷாஹினாதான் வந்து சொன்னாள்.

கல்யாணத்தன்று இருவருக்கும் சேலை எடுத்துக் கொடுத்திருந்தார் பேகம். பேச்சித்தாய்க்கு இலைப்பச்சை, வெள்ளைத்தாய்க்கு மாம்பழ மஞ்சள். நிறத்தைப் பார்த்ததுமே பேச்சித்தாய்க்கு முகம் சுண்டிவிட்டது. புல் ஒரே விரிப்பாகப் பச்சையாகக் கிடந்தது. மேற்குப் பாதியில் கல்யாணப் பெண்ணை நிறுத்திப் பெண்கள் எல்லாம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணும் பெண்ணின் மேல் இருந்தபோது பேச்சித்தாயின் கண் மட்டும் பழக்கத்தில் தரைக்குப் போயிற்று. ஆறாவது வரிசை, நடு இடம். விடுபட்ட அந்த ஒன்று விரல் நீளத்துக்கு முளைத்து, பெண்ணின் காலுக்கு இரண்டு சாண் தள்ளி நிமிர்ந்து நின்றது.

பேகம் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். இன்றிலிருந்து இந்தப் புல்லுக்கு வெள்ளைத்தாய்தான் பொறுப்பு. பேகம் பார்த்தால் பேச்சு அவளுக்குத்தான் விழும். பேச்சித்தாய் இரண்டு எட்டு வைத்துப் போய், அந்தக் கோரையின் மேல் காலை ஊன்றி நின்றாள்.

"பேச்சி, பந்தி போட்டாச்சு. நீ இங்கன என்ன நிக்க?" என்றார் பேகம். பத்து நாளுக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"நீங்க போங்க பேகம்மா. படம் எடுத்து முடியட்டும், வாரேன்."

பந்தி பரிமாறிக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் தூரத்திலிருந்து பேச்சித்தாயின் காலைப் பார்த்தாள். பேச்சித்தாய் எந்த வரிசையில் நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அந்த மஞ்சள் சேலை வெள்ளைத்தாய்க்கு எடுப்பாகத்தான் இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்கப் பேச்சித்தாய்க்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. படம் எடுத்து முடிகிற வரைக்கும் அவள் காலை எடுக்கவில்லை.