அம்மா வைத்த பெயர்

மழையில் பாதை அடைபட்டதால் லோர்னா பிந்தித்தான் வந்து சேர்ந்தாள். பழங்குடிப் பிள்ளை என்று, பிறந்த கையோடு அரசாங்க அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. அடிலெய்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வளர்ந்து, நாற்பது வயதில் முதல் தடவையாகப் பெற்றவளைப் பார்க்க வருகிறாள். போன மாதம் தொலைபேசியில் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"பேர மாத்திட்டாங்களாடி?"

"இல்லம்மா. லோர்னாதான்."

"அது என் பேருடி. அது ஒண்ணத்தான் உன்கூட அனுப்ப முடிஞ்சுது. சீக்கிரம் வந்துடு."

அம்மாவின் ஊர்க் கடையில் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. ஒரு கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வீட்டுப் பொண்ணு நீ? மூக்கு நம்ம மூக்கு. செருப்புதான் ஊரான் செருப்பா இருக்கு."

அவளும் சிரித்தாள். "நான் லோர்னா. லோர்னாவோட மக. அம்மா வீடு எது?"

சிரிப்பு நின்றது. ஒருத்தி தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காதில் விழவில்லையோ என்று, பாவி, அந்தப் பெயரை இன்னும் உரக்கச் சொன்னாள். கடை காலியானது.

தன்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். அடிலெய்டில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்!

அம்மா சொன்ன அடையாளம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. வீடு திறந்து கிடந்தது. உள்ளே பாத்திரமோ படுக்கையோ இல்லை, புகை வாடைதான். முற்றத்தை மரக்கிளையால் பெருக்கியிருந்தார்கள். மண்ணில் ஒரு நாயின் காலடிகூட இல்லை. அவளுடைய செருப்புத் தடம் மட்டும் வாசல்வரை வந்திருந்தது.

வேலிக்கு அப்பால் மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியெல்லாம் வெள்ளைக் களிமண். யாரும் வாய் திறக்கவில்லை, விரல்களால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் கிளையோடு எழுந்து வந்தாள். அதே மூக்கு.

"நீங்க... லோர்னாவா?"

களிமண் கை அவள் வாயைப் பொத்தியது.

"சொல்லாதடி. நான் அவளுக்கு அடுத்துப் பொறந்தவ. நானும் உனக்கு அம்மாதான்." துக்கத்தில் பேச்சை விட்டிருந்தவள் இவளுக்காகத்தான் வாயைத் திறந்தாள். "போன வாரம் புதைச்சுட்டோம். வழியப் பாத்துக்கிட்டே போயிட்டா. இனிமே அந்தப் பேர யாரும் சொல்லக்கூடாது."

"அப்ப என் பேரு?"

"உனக்கும் கிடையாது. செத்தவ பேரு இருக்கறவங்கள நாங்க குமஞ்சயின்னு கூப்பிடுவோம். நீ இப்ப குமஞ்சயி."

"சொன்னா என்ன ஆகும், சின்னம்மா?"

"அவ இந்த இடத்த விட்டுப் போக மாட்டா. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வந்து வாசல்லயே நிப்பா. அப்பறம் எங்கள யாரையும் நிம்மதியா இருக்க விடமாட்டா, நாங்கதான் இடத்தக் காலி பண்ணிட்டுப் போகணும்." கிளையை நீட்டினாள். "தடம் பாத்து அவ திரும்பி வரக்கூடாது. உன் தடத்தப் பெருக்கி அழிச்சுட்டு வா. எங்களோட உக்காரு."

மரத்தடியில் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அந்த இடத்துக்காகத்தான் அவள் வாழ்நாளெல்லாம் ஏங்கியிருந்தாள். கிளையை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். குனிந்து ஒரு தடத்தை அழித்தாள். இரண்டாவதில் கை நின்றுவிட்டது. கூப்பிட்டால் அம்மா வருவாளாம். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதாதா?

இருண்டு கிடந்த வாசலைப் பார்த்து, "லோர்னா!" என்று கத்தினாள்.

மரத்தடியில் விரல்கள் நின்றன. சின்னம்மா முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போர்வைகளைச் சுருட்டத் தொடங்கினார்கள்.