நாலாம் தூணின் புறா எச்சம்

ஜம்புநாதன் தண்ணீர் குடித்தால் தம்ளர் உதட்டில் படாது. மான்ட்ரியலுக்கு வந்து ஆறு வருஷமாகியும் ஆபீஸ் கான்டீன் முள்கரண்டியைத் தொட்டதில்லை. வீட்டு ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்திருப்பார். இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாய்த்த எஞ்சினியர் உத்தியோகம், ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் ஏறி, எது நன்றாக இருக்கிறது, எது இற்றுப்போயிருக்கிறது என்று பார்த்து எழுதுவது.

பாலத்துக்கு மேலே காரும் லாரியும் போகும். அடியில் புறாதான். மான்ட்ரியலின் வடகரையான அஹுன்ட்சிக்கிலிருந்து எதிர்க்கரை லவாலுக்குப் போகும் ஒரு பாலத்தில் குறைந்தது இரண்டு லட்சம் புறா. எண்ண வேண்டாம், நாற்றமே சொல்லிவிடும். நாலாம் தூணின் உச்சியில், பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரமான கர்டர் வந்து உட்காரும் இரும்பு பேரிங்கை மூடிக்கொண்டு எச்சம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மேலே பொருக்கு, உள்ளே கொழகொழ. நடுவில் ஒரு செத்த புறா, மெத்தையில் படுத்த ஜமீன்தார் மாதிரி.

போன இலையுதிர்காலத்தில், 1972-ல், அவர் இதைப் பாதி ஏணியிலிருந்து பார்த்தார். காலையில் சாப்பிட்ட உப்புமா தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவர், மற்ற எட்டுத் தூணும் நன்றாகத்தானே இருக்கின்றன, இது மட்டும் என்ன பாவம் பண்ணியிருக்கும் என்று, 'நாலாம் தூண் பேரிங்: நல்ல நிலை' என எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மேலதிகாரி லவுவா அவர் மேஜையருகே வந்தார். லவுவாவின் பிரெஞ்சு நாக்கில் ஜம்பு, ழாம்பு ஆகிவிடும்.

"நாளைக் காலை பத்து மணிக்கு நூற்றிருபது டன் ட்ரான்ஸ்பார்மர் லாரியில் லவால் பாலத்தில் போகிறது, ழாம்பு. உன் ரிப்போர்ட்டை நம்பித்தான் சரி சொல்லியிருக்கிறேன்."

எச்சத்தைச் சுரண்டி பேரிங்கைக் கண்ணால் பார்த்தால்தான் ஜம்புநாதனுக்கு நிம்மதி. ஸ்டோரில் சுரண்டி கேட்டால் எதற்கென்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் குட்டு உடையும். வியாழக்கிழமை காலை சமையலறைக்குள் பூனை மாதிரி போனார்.

"ஏன்னா, தோசைத் திருப்பியை எங்கே எடுத்துண்டு போறேள்?" என்றாள் மனைவி கிரிஜா.

"ஆபீஸுக்கு."

"ஏன், லவுவா உங்களைத் தோசை வாக்கச் சொல்லிட்டாரா?"

திருப்பியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.

ஒன்பது மணிக்குத் தூண் உச்சியில் மண்டியிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார். முதல் சுரண்டலிலேயே குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த ஐந்து மாத நாற்றம் ஒரே மூச்சில் அவிழ்ந்தது. செத்த புறாவின் கால் தனியாக வந்தது, உடம்பு தனியாக வந்தது. கன்னத்தில் ஏதோ சொதசொதவென்று ஒட்டியது. மூக்குக் கண்ணாடி வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டது. உப்புமா இந்த முறை எட்டிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது.

கடைசியில் இரும்பு தெரிந்தது. தெரிந்ததும் அவருக்கு அருவருப்பு மறந்தே போனது. எச்சத்தின் அமிலம் தின்று தின்று, பேரிங்கின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

மணி பத்தாகிவிட்டது; கரைப்பக்கம் ட்ரான்ஸ்பார்மர் லாரி இரைந்தது. ஏணியில் விழுந்தடித்து இறங்கி, கரையேறி, பாலத்தின் முகப்பில் லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மனுஷர் மேல் இரக்கத்தாலா நாற்றத்துக்குப் பயந்தா, தெரியாது. லாரியோடு கூட வந்திருந்த லவுவா ஓடி வந்து, ஐந்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"நாலாம் தூண் பேரிங் பிளந்து கிடக்கு. லாரி போகக்கூடாது!"

"நீ இலையுதிர்காலத்தில் பார்த்தபோது இந்தப் பிளவு இருந்ததா?"

குளிர்காலத்தில் பிளந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிக்கலாம். லவுவாவே அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பது போலிருந்தது.

"தெரியாது. நான் பார்க்கவே இல்லை. அருவருப்பா இருந்தது. பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்."

லவுவா அவரை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த தோசைத் திருப்பியையும் பார்த்தார். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கேயே தீர்ப்பும் சொன்னார்: இந்தக் கோடை முழுக்க, நம்மிடம் உள்ள எல்லாப் பாலங்களின் பேரிங்கையும் நீயே சுரண்டிப் பார்த்து எழுது.

மான்ட்ரியலோ தீவு. எந்தப் பக்கம் போனாலும் பாலம்.

வீட்டு வாசலிலேயே கோட்டு, சட்டை, ஷூ மூன்றையும் கழற்றச் சொன்னாள் கிரிஜா. இரண்டு தடவை குளித்து வந்தபின் எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாள் கடையில் புதிதாக ஒரு திருப்பி வாங்கி அடுப்படியில் மாட்டினாள். பழையதன் பிடியில் சிவப்புத் துணியைச் சுற்றி, கதவுக்கு வெளியே பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டாள்.

"இது இனிமே உங்களோடது. வாசப்படி தாண்டி உள்ளே வந்ததோ, நீங்களும் அதுவும் சேர்ந்து அந்தத் தூண் மேலயே குடித்தனம் பண்ணுங்கோ."