கேட்காத விசில்

விசிலைக் கையில் எடுத்துவிட்டால் ஜோசலின் டீச்சர் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள் என்று கோவளம் கடற்கரையில் பேர் வாங்கியிருந்தாள். அங்கே இருக்கிற கரைக்காவல் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. குப்பத்துப் பிள்ளைகளும் சிறுசேரியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்களுமாக லீவு நாட்களில் வந்து நிற்பார்கள். சிவப்புக் கொடி நட்டபிறகு யாராவது முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் விசில் ஊத வேண்டும், அதுதான் முதல் வேலை. காலேஜ் பையன்கள், புதுமண ஜோடிகள், ஒருமுறை யூனிஃபார்மில் வந்த இன்ஸ்பெக்டர் என்று எல்லோரையும் ஊதி ஊதிக் கரையேற்றியவள் அவள். அப்படிப்பட்ட மகராசி, தன் மாமனார் இறங்கியபோது ஊதவில்லை.

மாமனார் வேதசிரோமணி மாடம்பாக்கத்தில் மதிப்பான மனிதர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொய் என்றால் ஆகாது. சர்ச் கொயரில் கீழ்ச்சுருதியில் பாடுகிற பேஸ் குரல் அவருடையது. அவர் பாடினால் பெஞ்சு அதிரும் என்பார்கள். போன மாதம் சபை மொத்தமும் கோவளத்துக்குப் பிக்னிக் வந்தது. பிரியாணி முடிந்ததும் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொடியைத் தாண்டி நேராகக் கடலுக்குள் நடந்தார்.

அன்றைக்கும் காவலுக்கு நின்ற ஜோசலின் விசிலை உதட்டில் வைத்தாள். பின்னால் சபையார் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அவர் எதிரே குரல் உயர்த்திக்கூடப் பேசாதவள், இத்தனை பேர் பார்க்க, மாட்டை விரட்டுகிற மாதிரி அவரைப் பார்த்து ஊதுவதா? அவரே திரும்பிவிடுவார் என்று நினைத்தாள். விசிலை இறக்கினாள். அதற்குள் ஓர் அலை அவர் காலை வாரிவிட்டது.

அவள் ஓடினாள். ஆனால் படகுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த குழுத் தலைவன் யேசுதாசன் அவளுக்கு முன்னால் மிதவையோடு பாய்ந்து, அவரை இழுத்துவந்து மணலில் போட்டான். தண்ணீரைக் கக்கி, இருமி, கண் திறந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை.

"இன்னா டீச்சர், நீ ஊதலயா? எனுக்கு ஒண்ணும் கேக்கலயே," என்றான் யேசுதாசன்.

சபையே சுற்றி நின்றது. "ஊதினேன்ணா," என்றாள் ஜோசலின். "பாட்டுச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. மாமாவுக்கும் கேக்கல."

வாய் தவறி வந்த பொய் இல்லை அது. யோசித்துச் சொன்னாள்.

வேதசிரோமணி அவளைச் சந்தேகிக்கவே இல்லை. "அப்ப என் காதுதான் போயிட்டுதும்மா," என்றார். உன்னை ரொம்பப் பயமுறுத்திவிட்டேன் என்று வேனில் வரும்போது மன்னிப்பு வேறு கேட்டார். ஜோசலினுக்கு வேனிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. குதிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறே கொயர் அங்கியை இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "காது கேக்காதவன் நடுவுல நின்னா எல்லாருக்கும் சுருதி போயிடும்." மருமகள் விசில் ஊதியும் கேட்காத கதையை சர்ச் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் அவரே சொன்னார். பரிசோதனைக்கும் போனார். எழுபது வயதுக் காதில் கொஞ்சம் குறை இல்லாமலா இருக்கும்? மெஷின் மாட்டி அனுப்பினார்கள்.

"அப்பா டிவி சவுண்டை எப்பவும் கம்மியாத்தானே வைப்பார்?" என்று கணவன் ஜெஃப்ரி ஒருநாள் கேட்டான். அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அவர் ஆளில்லாத நேரத்தில் பேஸ் வரிகளை முணுமுணுப்பதைக் கேட்டால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிடுவாள். அவமானம் சோற்றோடு சேர்ந்து இறங்கியது.

இந்த ஞாயிறு அவரே மெஷினோடு கடற்கரைக்கு வந்தார், யேசுதாசனுக்கு நன்றி சொல்ல. சொல்லி முடித்ததும் மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஒருதரம் ஊதும்மா. கேக்குதான்னு பாக்கலாம்."

ஊதினாள். அவர் முகமெல்லாம் சிரித்தார். "ஜோரா கேக்குது. அன்னிக்கே இது இருந்திருந்தா உங்களுக்கு இவ்வளவு கஷ்டமே இல்ல."

வெயிலில் காதோரம் வியர்வை வழிந்தது. மெஷினைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது படகுகளுக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்ற சத்யபிரியா, செல்ஃபி எடுக்க இறங்கிய ஒரு ஜோடியைப் பார்த்து ஊதினாள். எதிர்க்காற்று, சன்னமான சத்தம்தான் வந்தது.

வேதசிரோமணி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். "யாரோ ஊதுறாங்களே."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். பிறகு ஜோசலினைப் பார்த்தார். காப்பியடித்த பிள்ளையைப் பார்க்கிற பார்வையாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அவர் பார்வையில் கோபமே இல்லை. "மாமா," என்றாள்.

"இன்னா சார், மெஷின் இல்லாமலே கேக்குதா?" என்றான் யேசுதாசன்.

வேதசிரோமணி மெஷினை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டார். சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"எங்க தம்பி," என்றார். "மருமக திரும்பினா, யாரோ ஊதுறாங்க போலன்னு நானும் திரும்பினேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

அந்தப் பொய்யை அவர் சொல்லி முடிக்கிறவரை ஜோசலின் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள்.