தோளுக்கு ஒரு சாண்

கணவர் காம்சிங்கின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி சியூலானின் கை நின்றுவிட்டது. சீட்டாடுகிறவன் தோளைத் தொட்டால் ராசி போய்விடும். மக்காவ் நகரத்தின் எந்தச் சூதாட்ட மேசையிலும் யாரும் செய்யாத காரியம் அது.

அவரை இழுத்துப்போகத்தான் நேற்றுச் சாயங்காலம் எல்லை தாண்டி வந்தாள். இன்று மகள் யீமனுக்குக் கல்யாணம். பத்து மணிக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். மணமக்கள் இருவரும் மண்டியிட்டுப் பெற்றவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். அவர்கள் குடித்துவிட்டுப் பெண்ணின் கையில் தங்க வளையல் போட வேண்டும். அந்த வளையலைத்தான் மனுஷன் சூதாட்ட ஓட்டல் வாசல் அடகுக்கடையில் வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். தோற்கிறவர்களை இந்த ஓட்டல் மாப்பிள்ளை மாதிரி கவனிக்கும். இருபதாம் மாடியில் இலவச அறை, தங்க முலாம் பூசிய குழாய், தட்டு நிறையப் பழம். அந்த மெத்தையில் அவள் ஒரு பொட்டுக்கூடக் கண் மூடவில்லை.

காலை எட்டு மணிக்கு இறங்கி வந்து பார்த்தால், வளையலை மீட்கும் அளவுக்கு அவர் முன்னால் பணத்துக்குப் பதிலாக வைத்தாடும் வில்லைகள் குவிந்திருந்தன. அவளுக்கு உயிர் வந்தது.

"போதும், எந்திரிங்க. இப்ப கிளம்பினாக்கூட போய்ச் சேந்துரலாம்."

"இன்னும் ஒரே ஆட்டம். வளையல் போட்டா ஆச்சா? விருந்துச் செலவை உங்கப்பனா குடுப்பாரு?"

தொட்டால் போதும். ராசி போச்சென்று திட்டிக்கொண்டே எழுந்துவிடுவார். ஆனால் பாழாய்ப்போன நம்பிக்கை அவளுக்கும் இருந்ததே. தொட்டும் எழாமல் ஆடித் தோற்றுவிட்டால், பெற்ற மகளின் வளையலை நானே பிடுங்கியதாகாதா? கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் மொத்தத்தையும் முன்னே தள்ளினார். சீட்டின் ஓரத்தை மெல்ல மடக்கி, ஊதி, திருப்பிப் போட்டார். மேசைக்காரப் பெண் வில்லைகளை வழித்து எடுத்துக்கொண்டாள்.

ஆட்டக்கூடத்துக்கு வெளியே, ஓட்டல் கட்டடத்துக்குள்ளேயே ஓடும் கால்வாயோரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே கூரையில் வரைந்துவைத்த நீலவானம். படகுக்காரன் யாருக்கோ பாடிக்கொண்டு போனான். எழுந்து போக இரண்டு பேருக்கும் முகமில்லை. பத்து மணிக்கு சியூலானின் போன் அடித்தது. திரையில் சிவப்புப் பட்டில் யீமன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

அம்மாவுக்குப் பின்னால் தெரிந்த பொய் வானத்தைப் பார்த்ததும் மகளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி. போனை வச்சுடாதீங்க, அப்படியே இருங்க."

அங்கே பெற்றவர்கள் உட்கார வேண்டிய நாற்காலியில் யாரோ போனைச் சாய்த்துவைத்தார்கள். யீமன் அதன் முன் மண்டியிட்டு, வெறும் கைகள் இரண்டாலும் கோப்பையை நீட்டினாள்.

சியூலான் காம்சிங்கின் தோளில் கை வைத்தாள். அவர் தட்டிவிடவில்லை. திரையில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.