கலையலாம் என்று சொல்லாமல் விட்ட விடுமுறை

அரையாண்டு விடுமுறை விட்ட அன்று, விருத்தாசலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இருக்கும் தொடக்கப் பள்ளியின் நாற்பத்தொரு பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய குரல்கள் மட்டும் பள்ளியிலேயே நின்றுவிட்டன. தவறு தலைமை ஆசிரியை சுலோச்சனாவுடையது, அதை அவரும் பிற்பாடு மறுக்கவில்லை. அந்தப் பள்ளியில் மாலை வரிசையில் நாட்டுப்பண் பாடி முடிந்ததும் அவர் "கலையலாம்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் ஒரு பிள்ளையும் அடி எடுத்து வைக்காது. வருஷக் கணக்கான பழக்கம். டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி, கடைசிப் பரீட்சை முடிந்து, பாட்டும் முடிந்து, அவர் வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திட்டக்குடியில் மகளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சற்று நேரம் நின்றார்கள். சத்துணவுக்கூடத்து அம்மாள் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று கையை ஆட்டி விரட்டிய பிறகு உடம்புகள் கிளம்பின. குரல்களுக்கு ஒழுங்கு தெரியும், அவை நின்றுகொண்டன.

முதல் இரண்டு நாள் ஊரில் யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. லீவு விட்டால் பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கிவிடும் என்று பயந்துகொண்டிருந்த அம்மாக்களுக்கு, பிள்ளைகள் வாயைத் திறந்து திறந்து மூடுவதும் அதிலிருந்து காற்று மட்டும் வருவதும் பெரிய ஆறுதலாக இருந்தது. பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் வைக்கிற மகேஸ்வரி, வாயைத் திறந்தால் மூடாத பிரேம்நாத்தைப் பெற்றவள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாள். பக்கத்து வீட்டு ஜுலைகாதான் வெள்ளிக்கிழமைக்கு நாள் எண்ணினாள். அவளுடைய மகள் ஹஸ்னா மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், சவூதியில் தமாம் நகரத்து மளிகைக் கடையொன்றில் வேலை பார்க்கும் ஹஸ்னாவின் அத்தா பைரோஸ் கூப்பிடுவான். அவனுக்கு மனைவியோடு இரண்டு நிமிஷம், மகளோடு நாற்பது நிமிஷம். மூன்று வருஷமாக அப்படித்தான்.

குரல்கள் எங்கே இருக்கின்றன என்பது மறுநாள் காலையே தெரிந்துவிட்டது. சரியாக ஒன்பதேகாலுக்குப் பூட்டிய கேட்டுக்கு உள்ளே, ஆளில்லாத மைதானத்தில், நாற்பத்தொரு குரலும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடின. உறுதிமொழி எடுத்தன. பிறகு ஹஸ்னாவின் குரல் தனியே பிரிந்து வந்து செய்தி வாசித்தது. மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் பேப்பரைப் பார்த்துச் செய்தி வாசிப்பார்கள். இங்கே பேப்பர் போடுகிற ஆள் பத்து மணிக்கு முன்னால் வருவதில்லை. அதனால் சுலோச்சனா டீச்சர், ஆளுக்கொரு வீட்டுச் செய்தி கொண்டுவரச் சொல்லி அதையே வாசிக்க வைத்துவிட்டார். ஹஸ்னாவுக்கு 'ழ' சுத்தமாக வரும் என்பதால் ஜூன் மாதத்திலிருந்து வாசிப்பு அவளுடையது. விடுமுறையிலும் அது நிற்கவில்லை. பிள்ளைகளின் கண்ணும் காதும் வீட்டில் இருந்தன, அவை கண்டதையும் கேட்டதையும் பள்ளியில் நின்ற குரல்கள் அறிந்திருந்தன. எந்த வழியாக என்று யாரும் விசாரிக்கவில்லை. "இன்றைய செய்திகள். கம்பெனியில் நாற்பது பீங்கான் யானைகளுக்குக் கண் வைக்க மறந்துவிட்டார்கள். பிரேம்நாத் வீட்டில் உப்புமா. அவன் அப்பா சாப்பிடாமலேயே வேலைக்குப் போனார்." மூன்றாம் நாள் கேட்டருகே முப்பது பேர் கூடினார்கள். நான்காம் நாள் டீ கேன் வைத்த சைக்கிள் ஒன்றும் வந்து நின்றது. ஐந்தாம் நாளிலிருந்து அந்தத் தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை கணிசமாகக் குறைந்தது, பிள்ளைகள் எதிரில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

ஜுலைகா திட்டக்குடிக்குப் போன் போட்டாள். "டீச்சர், நீங்க ஒரு தடவ வந்து அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டுப் போயிடுங்க. எம்மவ பேச மாட்டேங்குறா" என்று கெஞ்சினாள். பின்னணியில் பச்சைக் குழந்தை வீறிட்டது. "ஏம்மா ஜுலைகா, லீவுல ஸ்கூலத் தொறக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்குது. தொறந்தா நான் பதில் சொல்லணும். அஞ்சாந் தேதி வந்துடுவேன், பத்து நாளுதானே, பொறுத்துக்க" என்றார் டீச்சர். ஜுலைகா தானே கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கலையலாம், கலையலாம் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். ஒரு குரலும் அசையவில்லை. நிறுத்தியவர்தான் கலைக்க வேண்டும், அது பிள்ளைகளுக்குத் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமை பைரோஸ் வீடியோவில் வந்தான். ஹஸ்னாவின் வாய் அசைவதைப் பார்த்தான், சத்தம் இல்லை. நெட்வொர்க் என்றான். வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். ரூம்காரர் ஒருவரின் போனை வாங்கிக் கூப்பிட்டான். ஜுலைகா பேசுவது மட்டும் நன்றாகக் கேட்கவே அவன் முகம் வெளுத்தது. "கொரலு ஸ்கூல்ல நிக்குதுங்க, அஞ்சாந் தேதி வந்துடும்" என்று அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "என்னய லூசுன்னு நெனச்சியா? புள்ளைக்குத் தொண்டையில என்னமோ வந்துருச்சு, நீ மறைக்கிற" என்று அவன் கத்தினான். அவனுக்கு ஜூனில்தான் லீவு. இடையில் கிளம்பினால் வேலை போய்விடும், திரும்பப் போகவும் முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மகள் குரல் காதில் விழாவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு பிளேன் ஏறி வந்துவிடுவேன் என்றான். அவன் சொன்னால் செய்கிற ஆள். அந்த வாரம் முழுக்க ஜுலைகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை அவள் ஒன்பது மணிக்கே கேட்டருகே போய் நின்றாள். தமாமில் அப்போது ஆறரை, பைரோஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தான். "பேசாம கேளுங்க" என்று மட்டும் சொல்லி, போனைக் கம்பிக்கு உள்ளே கை நீட்டிப் பிடித்தாள். ஹஸ்னாவின் குரல் வந்தது. யானை, உப்புமா எல்லாம் போய், கடைசியாகத் தன் வீட்டுச் செய்திக்கு வந்தது. "எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அத்தாவின் நீலச் சட்டையைத் துவைத்துக் காயப் போடுகிறார். அதை யாரும் போடுவதில்லை, அழுக்கும் ஆவதில்லை." கேட்டருகே நின்ற கூட்டத்தில் ஒருவரும் ஜுலைகாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மட்டுக்கும் ஊர் நாகரிகமானது. போனிலிருந்து பைரோஸ் அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது. மறுநாள் காலை வாழ்த்துப் பாட்டு வழக்கம்போல முடிந்தது, செய்தி மட்டும் வரவில்லை. லீவு முடியப் போகிறது, குரலுக்கும் அலுத்திருக்கும் என்று கூட்டம் கலைந்தது.

ஐந்தாம் தேதி சுலோச்சனா டீச்சர் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஒரு டப்பா லட்டோடு வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு தடவை கனைத்துக்கொண்டு, காலை நேரத்தில் ஒரு நாளும் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார். நாற்பது தொண்டைகள் ஒரே சமயத்தில் பேசின. பிரேம்நாத்துக்கு மட்டும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் குரல் மாறிப் போய்விட்டது, மதியச் சாப்பாட்டுக்குள் அதுவும் சரியானது. ஹஸ்னா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அன்று திங்கட்கிழமை, பைரோஸ் கூப்பிடுகிற நாள் இல்லை. இருந்தும் கூப்பிட்டான். "ஜுலைகா, கோவிச்சுக்காத. அது இங்கதான் இருக்குது" என்றான். அன்றைக்குப் போன் வழியாகக் குரல் முழுசாக அவனிடம் வந்துவிட்டது. எட்டுப் பேர் தங்கியிருக்கிற ரூமில், இரண்டு இரும்புக் கட்டில்களுக்கு நடுவில் நிற்கிறது. காலை ஆறேமுக்காலுக்கு அதற்கு யாராவது "நேராக நில்" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்க மாட்டேன் என்கிறது. பைரோஸும் அதே பள்ளியில் படித்தவன், அதனால் அவனே சொல்கிறான். சொல்லிவிட்டுத் தானும் கைகளைத் தொடையோடு ஒட்டி நேராக நிற்கிறான். ரூமில் இருக்கிற மற்ற ஏழு பேரும் குளியலைத் தள்ளிப்போட்டு நின்று கேட்கிறார்கள், அதில் இரண்டு பேருக்குத் தமிழே தெரியாது. "இன்னும் ரெண்டு நாளு இருக்கட்டுமே" என்று அவன் கேட்டான். ஜுலைகாவுக்கு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. பிள்ளையின் சடையும் பசியும் முகமும் தன்னிடம் இருக்கின்றன, அவனுக்கென்று அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அவனும் கிளம்பி வருகிற பேச்சை விட்டுவிட்டான்.

இரண்டு நாள் பொங்கல் வரைக்கும் நீண்டது, பொங்கலையும் தாண்டியது. பள்ளியில் செய்தி வாசிப்பு பிரேம்நாத்துக்குப் போனது. அவன் எல்லாச் செய்தியிலும் தன் வீட்டு ஆட்டைச் சேர்த்துக்கொண்டான். குடியரசு தின விழாவில் ஹஸ்னா கொடியைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தாள். கணக்குப் பாடத்தில் விடை தெரிந்து கையைத் தூக்குவாள், டீச்சர் கேட்பதற்குள் தானே இறக்கிக்கொள்வாள். வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பைரோஸிடம் கேட்க வேண்டும் என்று ஜுலைகா நினைப்பாள். அவன் முகத்தில் அந்தத் தெளிவைப் பார்த்ததும் அடுத்த வாரம் கேட்கலாம் என்று விட்டுவிடுவாள். இதில் அவளைக் குறை சொல்கிறவர்கள் மூன்று வருஷம் போனில் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹஸ்னா கொல்லைப்புறக் கல்லில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் சதை கிழிந்தது. ஜுலைகா உள்ளே மிக்ஸியில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்ற பிறகும் ஒரு சத்தமும் இல்லாததால் தன் வேலையைப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்துத் துணி எடுக்கப் போனபோது பிள்ளை தரையில் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து மறுபடி ஈரமாகியிருந்தது. ஜுலைகா அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். தன் மீது வந்த அளவு கோபம் அவளுக்கு எவர் மீதும் வந்ததில்லை. விடியட்டும், இனி ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவோம் என்று முடிவு கட்டினாள்.

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பைரோஸே கூப்பிட்டான். கடைக்குப் போகிற சட்டையில் இருந்தான், கண் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஏழு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். "இன்னிக்கு நியூஸுல சொல்லிச்சு" என்றான். "'நேற்று நான் விழுந்தேன். ரொம்ப நேரம் அழுதேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை'ன்னு அப்படியே வாசிக்குது ஜுலைகா, யான செய்தி மாதிரியே வாசிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைய முன்னாடி நிறுத்து" என்றான்.

ஹஸ்னா முழங்காலில் கட்டோடு வந்தாள். ஜன்னலில் சாய்த்து வைத்த போனுக்கு எதிரே, யாரும் சொல்லாமலே, பள்ளி மைதானத்தில் நிற்கிற மாதிரி நேராக நின்றாள். அங்கே பைரோஸும் நேராக நின்றான். பிறகு அவன் தெளிவாக, அந்தப் பள்ளியில் படித்தவனுக்குரிய உச்சரிப்போடு, "கலையலாம்" என்றான்.

"அம்மா, காலு வலிக்குதும்மா!" என்று ஹஸ்னா தெருவே கேட்க அலறினாள். நேற்றைய அழுகை அத்தனையும் அப்போதுதான் வெளியே வந்தது. மகேஸ்வரி கையில் மாவோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். ஜுலைகா பிள்ளையைக் கட்டிக்கொண்டு சிரிக்கவும் அழவும் செய்தாள், கேட்குதுங்க, கேட்குதுங்க என்று போனைப் பார்த்துச் சொன்னாள். திரையில் பைரோஸின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நெட்வொர்க் என்று நினைத்து அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். பைரோஸுக்குப் பின்னால் நின்ற ரூம்காரர் பேசுவது மட்டும் கேட்டது, மலையாளத்தில் எதையோ கேட்டார். பைரோஸ் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். கலையலாம் என்றால் வரிசையில் நிற்கிற எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம். அவனும் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தவன்தானே.

அடுக்களைப் பக்கமிருந்து, "ஜுலைகா, டீ இருக்குதா?" என்று அவனுடைய குரல் கேட்டது.

அது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. தமாமில் பைரோஸ் கையைக் காட்டியே மளிகைக் கடை வியாபாரத்தைப் பார்க்கிறான், முதலாளிக்கு அதில் புகார் இல்லை. ஜூனில் ஆளும் வந்துவிடுவான். இங்கே காலையில் ஹஸ்னாவை எழுப்புவதும், வாய்ப்பாடு கேட்பதும், ஃபேன் சுவிட்சை அணைக்காமல் போனால் திட்டுவதும் அவனுடைய குரல்தான். ஜுலைகா தினம் இரண்டு டம்ளர் டீ போடுகிறாள். இரண்டாவது டம்ளர் குடிக்கப்படாமல் ஆறிப்போகிறது, ஆனால் சர்க்கரை தூக்கல் என்று குரல் சொன்னால் அவள் மறுநாள் குறைத்துக்கொள்கிறாள்.