பெடல் உயரம்

ஆலப்பாக்கம் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் அந்த வெள்ளை அம்பாசிடர் மறுபடியும் நின்றுகொண்டிருந்தது. முன் சக்கரங்களை பிரேக் கவ்விப் பிடித்திருந்தது. பக்கத்தில் போனாலே தீய்ந்த நாற்றம். கடலூரிலிருந்து பாலகுமார் டூவீலரில் ஸ்பானர் பையோடு வந்து இறங்கினான். பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு அவன் ஷெட்டில் டிஸ்க் பிரேக் மாற்றிக் கொடுத்த வண்டி அது. மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இது மூன்றாவது முறை.

வண்டிக்காரர் ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்தில் பழைய கார்களைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவர். முதல் தடவை கீழ வீதியில், மாப்பிள்ளை அழைப்பு நடுவில், மேளக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க வண்டி நின்றுபோனது. மாப்பிள்ளையை மாலையும் கழுத்துமாக ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த மானக்கேட்டை அவர் பாலகுமாரின் மஞ்சக்குப்பத்து ஷெட்டுக்கே வந்து கொட்டித் தீர்த்தார். பாலகுமார் என்ன செய்தான்? வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தானா? அதெல்லாம் கிடையாது. பக்கத்தில் நின்ற தனக்கோடியைக் கை காட்டிவிட்டான்.

தனக்கோடி தேவனாம்பட்டினத்துக்காரன். படகு எஞ்சின் வேலையிலிருந்து கார் வேலைக்கு வந்து, பாலகுமாரின் ஷெட்டிலேயே தலை நரைத்தவன். சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை மாட்டியது அவன்தான் என்பதால் பழியும் சுலபமாக அவன் மேல் விழுந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டி, இனிமேல் இந்தப் பக்கமே வராதே என்று விரட்டினான் பாலகுமார். தனக்கோடி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தான். பிரேக்கைக் கெடுத்தவன் என்ற பேச்சு டீக்கடை டீக்கடையாகப் பரவியது. கடலூரில் ஒரு ஷெட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை. வேலையில்லாமல் மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அவன் போன பிறகு பாலகுமாரே காலிப்பரைப் பிரித்து, ரப்பரெல்லாம் புதுசாகப் போட்டான். அப்புறமும் வண்டி ஒருமுறை நின்றது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். தனக்கோடி கை பட்டு இன்னும் எதெல்லாம் கெட்டுக் கிடக்கிறதோ என்றுதான் அவன் முணுமுணுத்தான்.

இன்றைக்கு வேறு வழியில்லை, ஒழுங்காகப் பார்த்தே ஆகவேண்டும். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினான். தள்ளினால் அசையவில்லை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மேலே இருந்தது, அதிலிருந்து இறங்குகிற பைப்பின் மூட்டைக் கொஞ்சம் தளர்த்தினான். பிரேக் ஆயில் சீறி வெளியே வந்தது, சக்கரம் லேசாகச் சுற்றியது. அப்படியானால் கீழே காலிப்பரிலும் கோளாறில்லை, ஆயில் போகிற ரப்பர் ஹோஸிலும் கோளாறில்லை. அழுத்தம் மேலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே குனிந்து பெடலை விரலால் அமுக்கிப் பார்த்தான். தண்டு பிஸ்டனைத் தொடுவதற்கு முன்னால் இருக்க வேண்டிய ஆட்டம் துளிகூட இல்லை.

அங்கேயே அவனுக்கு விளங்கிவிட்டது. காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் ஆயில் திரும்பிப் போகிற சின்னத் துளை திறக்கும். பெடல் தண்டு அதை வரவிடாமல் முட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஓடிச் சூடேறச் சூடேற ஆயில் விரிந்து, போக இடமில்லாமல் பிரேக்கை இறுக்கிவிட்டது.

அந்தத் தண்டைத் திருகியது யார்? கடலூரில் வண்டி எடுக்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஷெட்டிலேயே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்ப்பார்கள். மேலேயே கல் மாதிரி நின்றால் மெக்கானிக் கெட்டிக்காரன், கொஞ்சம் உள்ளே இறங்கினால் வேலை மட்டம். டிரம் பிரேக் காலத்து வழக்கம் அது, இன்னும் விட்டபாடில்லை. ஜெயப்பிரகாஷும் வண்டி எடுக்க வந்த அன்றைக்கு மிதித்துப் பார்த்து, பெடல் இறங்குகிறதே என்று முகம் சுளித்தார். தனக்கோடி சாப்பிடப் போயிருந்தான். பாலகுமார்தான் குனிந்து, தண்டில் விட்டிருந்த இடைவெளியை இல்லாமல் செய்து, பெடலை உயரத்தில் நிறுத்தினான். ஜெயப்பிரகாஷ் தோளில் தட்டிக்கொடுத்தபோது பல்லைக் காட்டியவனும் அவன்தான்.

அடப்பாவி, நீயேதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். தண்டைச் சில சுற்று தளர்த்தி, நட்டை இறுக்கி, பைப்பை மாட்டி, பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி முடித்தான். பெடலை எத்தனை முறை மிதித்து விட்டாலும் சக்கரம் இப்போது சுதந்திரமாகச் சுற்றியது. இவ்வளவுதான் வேலை.

வண்டியை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு எதிரே இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷ் சாலையைக் கடந்து வந்தார்.

"தனக்கோடி நேத்து சிதம்பரத்துல நம்ம ஷெட்டுக்கு வந்தாம்பா, வேல கேட்டு. பாலகுமாரக் கேட்டுட்டு சொல்றேன்னு அனுப்பிட்டேன். பொண்ணு மாப்ள ஏர்ற வண்டி பாரு. உள்ளதச் சொல்லு, இது அவன் செஞ்ச கோளாறுதானா?"

நான்தான் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொல் வாய் வரைக்கும் வந்தது. கூடவே மற்றதும் நினைவுக்கு வந்தது. ஜெயப்பிரகாஷின் மற்ற கார்களுக்கும் டிஸ்க் மாற்றுகிற வேலை அவனுக்குத்தான் என்று பேசியிருந்தார்கள். தனக்கோடியைத் திட்டியதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் இனி அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாலகுமார் கையில் இருந்த அழுக்குத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவன் கை வேலதான் சார். இப்ப நான் சரி பண்ணிட்டேன். பிரேக்குல மட்டும் அவன வுடாதீங்க."

ஜெயப்பிரகாஷ் நல்லவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். அங்கேயே தனக்கோடிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வேலை இல்லை என்பதையும், பாலகுமாரே பார்த்துச் சொல்லிவிட்டான் என்பதையும் சொன்னார். ஸ்பீக்கரில் தனக்கோடியின் குரல் வந்தது.

"அண்ணனே பாத்தாரா சார்? அப்ப சரியாத்தான் இருக்கும். நானும் எங்க தப்பு வுட்டேன்னு யோசிச்சிக்கிட்டேதான் கெடக்கறேன், புடிபட மாட்டேங்குது. என்னா தப்புன்னு மட்டும் அவரக் கேட்டுச் சொல்லுங்க சார். இன்னொரு வண்டியில அப்பிடி செய்யாம இருப்பேன்."

நீயே சொல்லிவிடப்பா என்று ஜெயப்பிரகாஷ் போனை நீட்டினார். பாலகுமார் வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டான். காலிப்பர் ரப்பரைக் கோணலாகப் போட்டிருந்தாய் என்று சொன்னான்.

"இனிமே பாத்துப் போடறேண்ணே" என்றான் தனக்கோடி.